வாளிகளுக்குக் காவல்

இப்போது நான் இருக்கும் வாஷி ஃபிளாட்டில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. தாராவியில் எங்கள் சந்துக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். முழுதாக ஒரு மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம். ஒரே குழாய், இருபது வீடுகள். வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, வாளியை வைத்துவிட்டுப் போனால் போதும். யார் போட்ட சட்டமோ தெரியாது. வேதத்துக்கு அடுத்தபடியாக எங்கள் சந்து மதித்தது அதைத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் நான்கு மணிக்குப் பெரியம்மா வீட்டில் உபவாச ஜெபம். பெண்கள் மதியமே வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். தண்ணீர் வந்ததும் குழாயில் டியூபை மாட்டி, வாளிகளை ஒவ்வொன்றாக நிரப்புவது எட்டு வயதில் எனக்கு வந்த பொறுப்பு. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள் என்று பெரியம்மாவே தேர்ந்தெடுத்திருந்தாள். கர்த்தரின் வேலையில் பாதி என் கையில் இருப்பதாக எனக்கு நினைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை பாதி வாளிகள் நிறைந்திருந்தபோது, சந்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் இரண்டு கேன்களோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். மதியமே வந்து வாளி வைக்க அவளால் எப்படி முடியும்? இடுப்பில் கைக்குழந்தை துவண்டு கிடந்தது.

"பாப்பா, பிள்ளைக்கு நேத்துலருந்து வயித்தால போவுது. வீட்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. இங்க ஆளே இல்லியே, ஒரு கேன் மட்டும் பிடிச்சுக்கிடுதேன்."

"முடியாது ஆன்ட்டி. எல்லாரும் ஜெபத்துல இருக்காங்க" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. கடைசி வாளிக்குப் பின்னால் போய் நின்றாள். முந்தின நாளும் அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுபோனது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் இளகவில்லை.

பெரியம்மா ஜெபித்தால் மைக் தேவையில்லை. "ஆண்டவரே, அந்தப் பச்சைப் பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்! அந்த வீட்டின் தேவைகளைச் சந்தியும்!" என்று மூன்று சந்து தாண்டிக் கேட்டது. இதே குழந்தைக்காகத்தான். காலையில் இந்தப் பெண்ணே வந்து ஜெபிக்கச் சொல்லியிருந்தாள். பெரியம்மாவின் குரல் உடைந்தது. அந்த அழுகையில் பொய் இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

குழந்தை ஈனக்குரலில் அழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வீட்டுக் கதவுத் திரையை விலக்கிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். வாளிகளைப் பார்த்தாள், கடைசியில் நின்றவளைப் பார்த்தாள். என் கையிலிருந்த டியூபைப் பிடுங்கி அவளுடைய கேனுக்குள் விட்டாள். இரண்டு கேனும் நிறைகிறவரை அம்மா டியூபை விடவில்லை.

பெரியம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். "ஏட்டி, ஜெபத்துல இருந்து இப்படியா பாதியில எந்திச்சு வருவ?"

"நீ கேட்டதுக்கு ஆமென் சொல்லத்தான்க்கா வந்தேன்."

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், விட்ட இடத்தில் மறுபடி முட்டிபோட்டாள். அன்று கடைசி இரண்டு வாளிகள் நிறையவில்லை. அதில் ஒன்று எங்களுடையது.

அடுத்த வாரம் ஜெபம் ஆறரை மணிக்கு மாறியது. வரிசையில் ஆள் நின்றால்தான் இடம் என்றும் ஆனது. இரண்டையும் தானே யோசித்துக் கண்டுபிடித்ததுபோல் அறிவித்தவள் பெரியம்மா.

எனக்கோ அந்த வெள்ளிக்கிழமை இரவு அவமானம் தாங்கவில்லை. ஜெபத்தைப் பாதியில் விட்டது பாவம், வரிசையைக் குலைத்தது அதைவிடப் பெரிய பாவம். சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டேன். "இயேசப்பா, எங்க அம்மாவ மன்னிச்சிரும். வாளி வச்சவங்களுக்கெல்லாம் இன்னிக்கு அநியாயம் பண்ணிட்டாங்க" என்று அழுதுகொண்டே வேண்டினேன்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். அம்மா எல்லாரையும்விட உரக்க "ஆமென்" என்றாள்.

அம்மா தன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.