சயராகுல் வாயில் வராத பெயர்

எங்கள் வாய்க்கால் அலுவலகத்தில் கணினிகளைக் கட்டி மேய்த்தவள் சயராகுல். தலாஸ் பள்ளத்தாக்கில் எந்த பீன்ஸ் தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்ற கணக்கு முழுவதும் அவள் பொறுப்பிலிருந்த சர்வரில் இருந்தது. கெட்டிக்காரி, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். தேநீரும் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் கையில் வந்துவிட்டால் யாரையும் விட்டுவைக்க மாட்டாள்.

வீட்டில் மட்டும் பரம சாது. புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரை எங்கள் ஊர் மருமகள்கள் வாயால் சொல்வதில்லை. அவளுடைய கணவனின் அண்ணன் எங்கள் அலுவலகத்திலேயே தண்ணீர்ப் பங்கீட்டு மேலாளர். முழுப்பெயர் ஷர்ஷென்பெக், ஊருக்கெல்லாம் ஷர்ஷென், அவளுக்கு மட்டும் ‘நெட்டையவர்’. சம்பளப் பட்டியலைப் படிக்கும்போது அந்த வரி வந்தால், "நீ படிடி, எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்று என்னிடம் தள்ளுவாள். கணக்கு எழுதுகிறவள் நான். எனக்கு அது தினசரி வேடிக்கை.

பாசனக் காலம் முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்த வருஷத்துத் தண்ணீர்க் கணக்குக் கோப்புகள் ஒன்றுகூட இல்லை. நகல்களும் இல்லை. யாரோ வேண்டுமென்றே துடைத்திருந்தார்கள். அழித்தது ‘ரூட்’ என்று காட்டியது சர்வர். ரூட் என்பது ஓர் ஆள் இல்லை, எல்லாக் கதவையும் திறக்கிற பொதுச் சாவி.

தேநீர் நேரத்தில் எல்லோரும் போர்சோக் தட்டைச் சுற்றி நின்று புலம்பிக்கொண்டிருந்தோம். சயராகுல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வேற யாரு? மெதெர்பெக்தான். சண்ட போட்டு வேலைய விட்டுப் போனான்ல? போற போக்குல கொள்ளி வெச்சுட்டான்."

மெதெர்பெக் அவளோடு சர்வர் அறையில் வேலை பார்த்தவன். அவள் சொன்னது சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. அவன் தங்கைக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்திருந்த வீட்டார் காதணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இயக்குநர் போலீசுக்குப் போக முடிவு செய்து, ஆதாரத்தை எடுத்துத் தரும்படி சயராகுலிடம் சொன்னார்.

அதன் பிறகுதான், சர்வரில் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கும் தணிக்கைப் பதிவை அவள் திறந்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் பயிற்சிக்குப் போய்வந்து அவளே அமைத்துவிட்டு, அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காத பதிவு அது. அதற்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் தன் கணக்கில் நுழைந்து, பிறகு ரூட்டாக வேஷம் மாற்றினாலும், முதலில் நுழைந்த கணக்கின் எண்ணை அது விடாது. அழித்த வரிகள் எல்லாவற்றிலும் ஒரே எண்தான் இருந்தது. எந்த எண் யாருடையது என்பது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குத்தான் தெரியும். அது மெதெர்பெக்கின் எண் இல்லை. அவன் வேலையை விட்ட அன்றே அவன் கணக்கை மூடியவளும் இவள்தான்.

என்னை இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நெட்டையவருடி."

"அவருக்கு ரூட் சாவி எப்படிடி கெடச்சுது?"

"நான்தான் குடுத்தேன். வீட்ல சாப்பிடறப்ப கேட்டாரு. மருமக முடியாதுன்னா சொல்லுவா?"

யாருக்கோ கள்ளத்தனமாகத் திறந்துவிட்ட தண்ணீரை மறைக்கத்தான் செய்திருக்கிறார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "இத ஒரு தடவ பாத்திருந்தா போதுமேடி. பாக்காமலே அந்தப் புள்ள தலைல தூக்கிப் போட்டேனே. வெக்கமா இருக்குடி, என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்குவேன்?"

மறுநாள் கூட்டம். இயக்குநர் முன்னால் புகார் மனு இருந்தது. பக்கத்தில் ஷர்ஷென் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெதெர்பெக்கை வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம் நின்றான், யாரும் நாற்காலி காட்டவில்லை.

சயராகுல் பதிவைத் திரையில் காட்டினாள். "இந்த எண்ணுக்காரர்தான் அழிச்சிருக்காரு. மெதெர்பெக் இல்ல."

"அப்ப யாரு?" என்றார் இயக்குநர்.

"அது... எங்க வீட்டு..." அதற்கு மேல் குரல் வரவில்லை.

ஷர்ஷென் சிரித்தார். "சொல்லும்மா. பேரே இல்லாத ஆளா? வெறும் எண்ண வெச்சுக்கிட்டு போலீஸ் யாரத் தேடும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தரும் மரியாதைக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொள்கிறாரே, இவரெல்லாம் ஒரு பெரிய மனுஷன்! தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினேன். "எழுதிக் காட்டுடி, அது போதும்."

அவள் திருப்பித் தள்ளிவிட்டாள். "வேணாம். இவன் பேர நான் வாயாலதானே சொன்னேன்."

இயக்குநர் பொறுமை இழந்து மனுவைத் தன் பக்கம் இழுத்தார். "பேரு இல்லன்னா இதுலயே கையெழுத்துப் போடறேன்."

சயராகுல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷர்ஷென்" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஷர்ஷென்பெக். அவருக்கு ரூட் சாவியக் குடுத்தது நான்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "நல்ல மருமகள எடுத்தோம்டா சாமி" என்று நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, குனிந்த தலையோடு மெதெர்பெக் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, என்ன மன்னிச்சிருப்பா."

அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அவரு பேரச் சொல்ல இவ்ளோ தவிச்சீங்களே அக்கா. என் பேரச் சொல்றப்ப, கையில இருந்த போர்சோக்கக்கூட நீங்க கீழ வெக்கலன்னாங்க."