பூக்காத நித்தியகல்யாணி

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் எங்கள் அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சண்டை என்றால் சத்தம் கேட்டிருக்கும். சத்தமே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அந்த வீட்டு மிக்கேலுக்குத் தோணியில் வேலை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகிற பாய்மரத் தோணி. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். மனைவி லூர்து. ஒரே மகள் செலின்... ஒன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மிக்கேல் அப்போது கொழும்பில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது கல்லறையில் குருசு நட்டு, மண்ணும் காய்ந்திருந்தது.

செலின் ஓர் உடைந்த சட்டியில் நித்தியகல்யாணி வளர்த்துவந்தாள். வெள்ளைப் பூ, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. "சுடுகாட்டுப் பூவ யாராச்சும் வீட்டுல வப்பாகளா, ஏளா?" என்று தெருவில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்டால்தானே! அவள் போனபிறகு லூர்து அந்தச் செடியைக் கொண்டுபோய்க் கல்லறையின் தலைமாட்டில் நட்டாள். மகள் கை பட்டு உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

மிக்கேலிடம் இதை அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள்? செலின் பெயரை எடுத்தாலே இரண்டு பேரில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுகிற வீடு அது.

இந்த வருஷம் திருநாளுக்கு மிக்கேல் ஊரில் இருந்தார். எங்கள் ஊர் வழக்கம்தான் தெரியுமே... திருநாளுக்கு முன்னால் கல்லறையைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி, கடல் மணல் பரப்பி, குருசுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். ஒரு பச்சை தெரிந்தாலும் கேட்பாரில்லாத கல்லறை என்று பேச்சு வரும். மகளுக்குத் தன் கையால் எதுவுமே செய்யவில்லை என்ற தவிப்பு மிக்கேலுக்கு. யாரிடமும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒன்று விடாமல் வேரோடு வெட்டி எடுத்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வேர் வாங்குகிற ஆள் சைக்கிளோடு நின்றிருக்கிறார். இப்போது நித்தியகல்யாணி வேருக்கு ஏக கிராக்கி. மருந்து செய்ய வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. நான் வேலை பார்க்கிற கப்பல் ஏஜென்சி வழியாகவே மூட்டை மூட்டையாகப் போகிறது. சுடுகாடு, பொட்டல், ரோட்டோரம் என்று ஒரு இடம் பாக்கியில்லை. "எடுத்துட்டுப் போம்யா" என்று மிக்கேல் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டார்.

திருநாளன்று கல்லறையில் ஏற்ற மெழுகுவர்த்தியோடு போன லூர்து கண்டது வெள்ளை மணல். பளபளவென்று குருசு. பக்கத்தில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மிக்கேல்.

அவள் மெழுகுவர்த்தியை ஏற்றவில்லை. பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்ததை என் மனைவியிடம்தான் சொல்லி அழுதாள். என் மனைவி சொல்லித்தான் மிக்கேலுக்கு விஷயம் தெரிந்தது. வேர்க்காரரைத் தேடி கோடவுன் கோடவுனாக அலைந்தார். மலை மாதிரி குவிந்து காய்கிற வேரில் செலினின் வேர் எது?

பாசம் உள்ளவர்கள் கையில் மண்வெட்டி இருந்தால் சில சமயம் இப்படித்தான் ஆகிறது. யாரைக் குற்றம் சொல்ல?

அப்போதுதான் எட்வின் சார் ஞாபகத்துக்கு வந்தார். முன்பே எழுதியிருக்கிறேன் - மனைவியின் பிரஷர் குக்கரை லேபுக்குக் கடத்திப்போன கல்லூரித் தாவரவியல் ஆசிரியர். என் நண்பர். நாசரேத்துக்காரர். செடியைப் பிடுங்காமல் வேரை மட்டும் தனியாக வளர்த்து, அதிலிருந்து ரத்தக் கொதிப்புக்கான மருந்துச் சரக்கை எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்காக ஊரெல்லாம் செடி பார்த்தார். லூர்துவிடம் சொல்லிக் கல்லறைச் செடியின் விதையை வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஓடினேன். "அந்த விதை இருக்கா, எட்வின்?"

"எல்லாத்தையும் முளைக்க வச்சுட்டேனே."

"செடி?"

"வேர் நுனிய மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு மத்தத..." அவர் முகம் மாறிவிட்டது. "என்ன ஆச்சு?"

சொன்னேன். "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

லூர்து வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். அதே பை கையில். மிக்கேல் பத்தடி பின்னால் நடந்துவந்தார்.

லேபில் பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்து எட்வின் செய்த, ஆடிக்கொண்டே இருக்கிற பலகை ஒன்று உண்டு. அதன்மேல் கண்ணாடிக் குடுவைகள், வாயில் பஞ்சடைப்பு. உள்ளே சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த தண்ணீர். அதில் வெள்ளை வெளேரென்று நூல்கண்டாக, செலின் செடியின் விதையிலிருந்து வந்த வேர். இலை இல்லை, தண்டு இல்லை, மண் இல்லை. ஆனால் வளர்கிறது.

லூர்து குனிந்து பார்த்தாள். "தலையத் தூக்கிப் போட்டுட்டு கால மட்டும் வச்சிருக்கீகளா, சார்?"

எட்வின் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வேரின் சாற்றைச் சொட்டுவிட்டு, மேலே ரசாயனம் தெளித்ததில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு - மருந்துச் சரக்கு இருப்பதற்கு அடையாளம். "பாருங்கம்மா, மண்ணுல இருந்தப்ப செஞ்ச வேலைய இது இங்கயும் செய்யுது. நான் பாத்த செடிகள்லயே இதோட வேர்லதான் நிறம் நல்லா வருது. இது சரிப்பட்டு வந்தா, நாளைக்கு யாரும் எந்தச் செடியையும் பிடுங்க வேண்டியிருக்காது."

"பூக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"பூக்காதும்மா. வேர் வேராத்தான் இருக்கும். இதுலேர்ந்து தண்டு வரவைக்க எனக்குத் தெரியல."

கதவோரம் நின்ற மிக்கேல் தொண்டையைச் செருமினார். "சாகாதுல்லா, சார்?"

"புதுத் தண்ணிக்கு மாத்திக்கிட்டே இருந்தா சாகாது. இன்னைக்குக்கூட மாத்தணும்."

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். காற்றில் இருக்கிற கிருமி விழாமலிருக்க இந்த வேலையைத் தீயின் பக்கத்தில்தான் செய்ய வேண்டுமாம். குடுவையின் வாயைச் சுடரில் காட்டி, இடுக்கியால் வேரில் ஒரு நுனியை எடுத்துப் புதுக் குடுவைக்குள் விட்டுப் பஞ்சை அடைத்தார். நீலச் சுடர், அதன் அருகில் அந்த வெள்ளை வேர். லூர்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது. விளக்கை அணைக்க எட்வின் மூடியை எடுத்தார்.

"செத்த நேரம் எரியட்டும், சார்" என்றாள்.

அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

லூர்து திரும்பி, கதவோரம் பார்த்தாள். "அங்கனயே நின்னா எப்படி? இங்கன வந்து நில்லுங்க."

மிக்கேல் வந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மகளுக்காக ஏற்றின விளக்கின் முன்னால் இருவரும் சேர்ந்து நின்றது அன்றுதான் முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போன எட்வின் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கல்லூரி ஸ்பிரிட் அன்று கொஞ்சம் கூடுதலாகத்தான் எரிந்தது... பிரின்ஸ்பால் இதைப் படித்தால் எட்வினைக் கேட்க வேண்டாம், என்னைக் கேட்கட்டும்.