டேங்குக்குள் ஒரு சாண் ஹோஸ்

கார் ஷெட் நோட்டின் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து அழகாகவே இருக்கிறது. சனிக்கிழமை, மாலை நான்கு பத்து என்று போட்டு, "டேங்க் உட்புற ஹோஸ் மாற்றப்பட்டது. எத்தனாலில் மூழ்கி இருக்கத் தகுந்த ரகம். நீளம் 260 மில்லிமீட்டர். இரு முனைகளிலும் கிளாம்ப்" என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் கிடையாது. நான்கு பத்துக்கு நான் அந்த ஷெட்டிலேயே இல்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன்.

பீன்யாவில் ஒரு எந்திரத் தொழிற்சாலையின் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அளக்காமல் அளவு எழுதினான் என்பதற்காக இரண்டு பேரை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தவன் நான். வீட்டிலும் தினமும் எழுதுவேன்: மழை பெய்த நேரம், பேருந்து நின்ற இடம், யார் வந்தார், எப்போது போனார். வரலாறு நிறையப் படிப்பேன். மெய்க்கீர்த்திகளைப் படித்துவிட்டு, கல்லில் வெட்டிவிட்டால் தோற்ற போரும் வென்ற போராகிவிடும் என்று நண்பர்களிடம் கேலி பேசியிருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி ஸ்ரீராம்புரத்தில் கார் ஷெட் வைத்திருக்கிறான். ஞாயிறுகளில் அங்கே போய் உட்கார்ந்து, எந்த வண்டிக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பேன். யாரும் கேட்டு ஆரம்பித்ததல்ல. ஆனால் இரண்டு வருடத்தில் அந்த நோட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. "மாமா நோட்டுல இருக்குன்னா நடந்ததுதான்" என்று மச்சான் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஈரோட்டிலிருந்து வந்து மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டு கதவு, டர்போ இன்ஜின். குதிரைத்திறனை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும், அதற்கு எத்தனாலில் ஓட்ட வேண்டும் என்றார். எத்தனால் குளிர்ச்சியாக எரியும், எரிபொருள் முன்கூட்டியே வெடித்து இன்ஜின் தட்டாது, அதனால் டர்போவை வைத்துக் காற்றை இன்னும் அழுத்தலாம். ஆனால் அதே தூரத்துக்குப் பெட்ரோலைவிட மிக அதிகமாகக் குடிக்கும். கம்பெனி வைத்த பம்ப், இன்ஜெக்டர், குழாய் எதுவும் அந்தத் தாகத்துக்குப் பற்றாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதோடு எத்தனால் சாதாரண ரப்பரைத் தின்னும். வண்டிக்கடியில் ஓடும் குழாய்க்கு உள்பக்கம் மட்டும் தாங்கினால் போதும். டேங்குக்குள் பம்ப்பிலிருந்து மூடிக்குப் போகும் ஒரு சாண் ஹோஸ் உள்ளும் புறமும் எத்தனாலிலேயே ஊறிக் கிடக்கும். அதற்குத் தனி ரகம் உண்டு. அதை வரவழைத்தது நான். வந்ததும் அளந்து, வெட்ட வேண்டிய இடத்தில் மார்க்கரில் கோடு போட்டு வைத்ததும் நான்.

இன்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள், எப்போது என்பதை லேப்டாப்பில் அமைத்துக் கொடுப்பதற்கு, அவர்கள் மொழியில் மேப் போடுவதற்கு, ஒரு பெண் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். மல்லேஸ்வரம்காரர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் இந்த வேலை செய்யும் ஒரே பெண் என்று போனில் இருக்கும் கார் பிரியர்கள் குழுவில் சொல்லுவார்கள், பாதி பெருமையாகவும் பாதி சிரிப்பாகவும். முதல் நாளே வாங்கி வைத்திருந்த எத்தனாலை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, தண்ணீர் கலந்து குலுக்கி, எவ்வளவு எத்தனால், எவ்வளவு பெட்ரோல் என்று பார்த்தார். நானும் குனிந்து பார்த்து எழுதினேன். "சார், நீங்க இங்க இருக்கீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார். "இவங்கெல்லாம் சொல்றத நம்பி மேப் போட்டா நான் காலி."

அந்தச் சனிக்கிழமை வரவேற்பில் போன் வந்தது. "மாமா, ஆயிப்போச்சு. டேங்க் மூடிட்டேன். நீ எழுதிக்கோ" என்றான் மச்சான். பின்னால் நாதஸ்வரம். ஹோஸைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நோட்டு பையில் இருந்தது. காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எழுதினேன். என்ன நடந்திருக்க வேண்டுமோ அதை எழுதினேன்.

அடுத்த புதன்கிழமை வண்டியை அவர் இடத்தில், சக்கரங்களை ஓடவிட்டுத் திறன் அளக்கும் உருளையில் ஏற்றி அமைத்தார்கள். எண்கள் நன்றாக வந்தன. உரிமையாளர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து இருபத்துமூன்றாம் நாள், நகரத்துக்கு வெளியே ஒரு பழைய ஓடுதளத்தில் மூன்றாவது ஓட்டத்தில் வண்டி வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் விளிம்பு மெழுகு போல உருகியிருந்தது.

ஷெட்டில் பேச்சு நடந்தது. அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினார்.

"வேகம் மேல போகப் போக எரிபொருள் பத்தலை, பாருங்க, அதான் சூடேறி உருகியிருக்கு. அன்னிக்கு உருளையில இதே இடத்துல சரியா இருந்தது. நடுவுல ஏதோ ஆகியிருக்கு. டேங்கைத் திறங்க."

"டேங்க்ல எல்லாம் புதுசும்மா" என்றான் மச்சான்.

"புதுசா இருக்கட்டும். திறங்க."

"நீ மேப்ல ஜாஸ்தி அழுத்திட்டு டேங்க் மேல பழி போடாத. சும்னே ஏன் நேரம் வேஸ்ட்டு?"

"அழுத்தம் பார்க்க சென்சார் வைங்கன்னு கேட்டேன். வேணாம்னீங்க. இப்ப அஞ்சு நிமிஷ வேலை, மூடியக் கழட்ட மாட்டேங்கறீங்க."

உரிமையாளர் என்னைப் பார்த்தார். "அண்ணா, நீங்க சொல்லுங்ணா. டேங்குல என்ன பண்ணாங்க?"

நான் நோட்டை நீட்டினேன். டேங்கைத் திறக்க வேண்டிய நேரத்தில் நோட்டைத் திறந்தோம். அவர் படித்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் படித்தார். நேரம், நீளம், கிளாம்ப் வரைக்கும் படித்துவிட்டு, "சார், நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கிறேனே" என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். அன்று மாலையே அந்தப் பக்கம் கார் குழுவில் வந்துவிட்டது. கீழே, வேலை எல்லாம் பக்கா, மேப்தான் தப்பு என்ற தீர்ப்பு. ஒருவர் சமையலறை படம் போட்டார். இருபது பேர் சிரித்தார்கள். அந்த மாதம் அந்தப் பெண்ணிடம் வருவதாக இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு இடம் போயின. எனக்கு அப்போது அது அநியாயமாகத் தோன்றவில்லை. ஆவணம் இருக்கிறது, தீர்ப்பு வந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு, ஷெட்டில் ஒரு கிளாம்ப் தேடினேன். பழைய பெயின்ட் டப்பாவில் நான் வரவழைத்த அந்த ஹோஸ் இரண்டு துண்டாகக் கிடந்தது. என் மார்க்கர் கோடு சின்னத் துண்டில் இருந்தது. கோட்டுக்கு இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி வெட்டியிருந்தார்கள். வண்டி இன்ஜின் இல்லாமல் ஓரத்தில் நின்றிருந்தது. நானே பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தேன். உள்ளே இருந்த ஹோஸ் தண்ணீரில் ஊறிய அப்பளம் போல உப்பி, தொட்டால் கறுப்பு ஒட்டியது. கிளாம்ப் ஓரமாக நீளவாக்கில் பிளந்திருந்தது. பம்ப் தள்ளியதில் பாதி அந்தப் பிளவு வழியே டேங்குக்குள்ளேயே கொட்டியிருக்கிறது.

மச்சான் டீ குடித்துவிட்டு வந்தான்.

"என்னடா இது?"

"ஓ, அதுவா. ரெண்டு விரக்கட கம்மியா வெட்டிட்டேன் மாமா. வேற வர ரெண்டு வாரம் ஆவும்னான். அந்த ஈரோட்டுக்காரரு தெனமும் போன் போட்டு உயிர எடுத்துகினு இருந்தாரு. சிவாஜிநகர் போயி நல்லதாதான் பார்த்து வாங்கினேன். பெட்ரோல் ஹோஸ்னுதான் போட்டிருந்தது."

"அந்தப் பொண்ணு டேங்கைத் தொறன்னு எத்தன வாட்டி கேட்டுது?"

"நான் தொறக்கறதுக்குள்ள நீதான நோட்ட நீட்டின? நான் நீட்டச் சொன்னேனா? போன்ல ஹோஸப் பத்தி ஒரு வார்த்த பேசினேனா, சொல்லு. அதான் எல்லாத்தயும் எழுதி வச்சிருக்கியே, பார்த்துச் சொல்லு!"

பார்க்கத் தேவையில்லை. அவன் பேசவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "அவனுக்கு ரெண்டு பொண்ணு படிக்குது. இதச் சொன்னா ஷெட்ல ஒரு வண்டி நிக்காது. அந்தம்மா படிச்சவங்க, வேற வேலைக்குப் போயிடுவாங்க" என்றாள். பத்தொன்பது நாள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களின் குறிப்புகளை இப்போது எடுத்துப் பார்த்தேன். மழை இருக்கிறது, மெட்ரோவில் கூட்டம் இருக்கிறது, தக்காளிகூட இருக்கிறது. ஹோஸ் இல்லை.

இருபதாம் நாள் மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடையில் அந்தப் பெண்ணைச் சந்தித்துச் சொன்னேன். பிளந்த ஹோஸை ஒரு பாலிதீன் பையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் பையைத் தொடவில்லை.

"எப்ப பார்த்தீங்க?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

"போன வெள்ளிக்கிழமை இடத்தைக் காலி பண்ணிட்டேன் சார். உருளை வாடகைக்கு எடுத்தது, திருப்பி அனுப்பியாச்சு. திங்கட்கிழமை பழைய ஆபீஸ்ல சேர்றேன். நீங்க பத்து நாள் முன்னாடி வந்திருந்தா அந்த இடத்த விட்டிருக்க மாட்டேன்." காபியை நகர்த்தி வைத்தார். "அன்னிக்குத் தெரியாம எழுதினீங்க. சரி, மனுஷங்க பண்றதுதான். அப்புறம் பத்தொம்போது நாள் தெரிஞ்சுகிட்டே எழுதல. அதுக்கு என்ன பேரு சார்? நீங்க நெறைய படிக்கிறவராச்சே."

குழுவில் போடச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து போட்டேன்: ஹோஸின் படம், நான் பார்க்காமல் எழுதினேன் என்ற வரி, அவர் மேப்பில் தவறு இல்லை என்ற வரி. மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். உரிமையாளர், "இப்ப அதப் பேசி என்னங்ணா ஆகப் போவுது, நான் வண்டிய வித்தாச்சு" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் அலாய் வீல் விலை கேட்டார். அதற்கு நாற்பது பதில்கள் வந்தன. மச்சான் குழுவைவிட்டு வெளியேறினான். தீபாவளிக்கும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அவன் ஷெட்டில் வண்டிகள் நிற்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

போன மாதம் சிவாஜிநகரில் என் ஸ்கூட்டருக்கு ஒரு கேபிள் வாங்கப் போனேன். கடைக்காரர் எத்தனால் வண்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"மல்லேஸ்வரத்துல ஒரு பொம்பள லேப்டாப்ப வச்சி இன்ஜினையே ஊதிடுச்சி சார், கேள்விப்பட்டீங்களா? கூட இருந்த ஒரு பெரியவரு எல்லாம் நோட்டுல பக்காவா எழுதி வச்சிருந்தாராம். அதனால மாட்டிகிச்சி."

அந்தப் பெரியவர் நான்தான் என்றேன். எழுதியது பொய் என்றேன். ஹோஸ் பிளந்தது, நானே கையால் எடுத்தேன் என்றேன். வரிசையாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கேபிளைச் சுருட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"அப்டியா" என்றார். "ஆனா சார், நீங்க பெரிய மனசு. அந்தம்மாவக் காப்பாத்தணும்னு இப்டிச் சொல்றீங்க."