முக்கால் டீச்சரின் வரிசை

வாசலில் இருந்து சமையலறை வரை வேதியியல் விடைத்தாள்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஃப்ரிட்ஜ் ஓரம் இருப்பது வகுப்பின் முதல் தாள். செருப்பு வைக்கும் இடத்தருகே கடைசித் தாள். மின்விசிறி போடக் கூடாது. டீச்சரின் கணவர் காலி தம்ளரோடு கால்விரல்களில் நடக்கிறார்.

"பாத்துப் போங்க, யாரையாவது மிதிச்சிடப் போறீங்க."

"நடுவுல ஒருத்தன் வழியை அடைச்சுக்கிட்டுக் கிடக்கிறான். அவனை ஒரு ரேங்க் முன்னாடி போகச் சொல்லேன்."

"படிச்சா போவான்."

மற்ற ஆசிரியர்கள் அரை மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் காலும் முக்காலும் போடுவார். 'முக்கால் டீச்சர்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இரண்டு பேர் ஒரே எண்ணில் நின்றால் இவருக்குச் சோறு இறங்காது. பெயர் தெரியாதபடி தாளின் தலைப்பை மடித்துக் கிளிப் போட்டுத்தான் திருத்துவார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் திருத்தியவற்றை மறுநாள் காலையில் மறுபடி பார்ப்பார். "வயிறு நெறஞ்சா கை தாராளமாயிடுது" என்பார்.

இவ்வளவு பாடு எதற்கு? பள்ளி போடும் ஆண்டு மதிப்பெண் பாதி, பொதுத்தேர்வு பாதி. ஒரு பள்ளி அள்ளிக் கொடுக்கும், இன்னொன்று கிள்ளிக் கொடுக்கும் என்பதால், தேர்வு வாரியம் பள்ளியிடமிருந்து வரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த வகுப்பில் பொதுத்தேர்வின் உச்ச மதிப்பெண்ணை யார் வாங்கினாலும், பள்ளி வரிசையில் முதலில் நிற்பவருக்கு அதே எண் ஆண்டு மதிப்பெண் ஆகிவிடும். அடுத்த எண் அடுத்தவருக்கு. தேர்வில் எழுதி வாங்கியது எழுதியவரிடமே இருக்கும். வகுப்பில் டீச்சர் இதைச் சொல்லியே வேலை வாங்குவார்: "பக்கத்துல இருக்கிறவளுக்குச் சொல்லிக் கொடுடி. அவ நல்லா எழுதினா உனக்கும் லாபம்."

இந்த ஆண்டு தையல்காரம்மாவின் மகள் முதலில் நின்றாள், கால் மதிப்பெண் வித்தியாசத்தில். மருந்துக்கடைக்காரரின் மகள் இரண்டாவது. பொதுத்தேர்வன்று முதலாமவளுக்கு அனலாகக் காய்ச்சல். பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். மற்றவள் எழுதியது வகுப்பிலேயே உச்சம். அந்த உச்சம் காய்ச்சல்காரியின் ஆண்டு மதிப்பெண்ணாக வந்து சேர, செவிலியர் படிப்புக்கான எல்லையை அவள் ஒரே மதிப்பெண்ணில் தாண்டினாள்.

மருந்துக்கடைக்காரர் மகளோடு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

"எம் பொண்ணு சமைச்சதை அடுத்தவ தட்டுல வெச்சிட்டீங்களே டீச்சர்."

"உங்க பொண்ணு தட்டுல இருந்து எதையும் எடுக்கலைங்க. ரெண்டாவதா நின்னதால ஆண்டு மார்க்குலதான் மூணு கம்மி."

"அந்தக் கால் மார்க்கு தப்பா இருக்கலாம் இல்லையா? வரிசையை மாத்தி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வாரியம் ஒத்துக்கும், விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

அந்த ஒரு கையெழுத்தில் தையல்காரம்மா மகளின் இடம் போய்விடும் என்பது டீச்சருக்குத் தெரியும். கால் மதிப்பெண் என்பது ஒரு சமன்பாட்டின் கடைசி வரி. அது தப்பாகவும் இருக்கலாம்.

"இருக்கலாம்" என்றார். "பேரை மறைச்சு வெச்சுத் திரும்பத் திரும்பப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் வந்துச்சு. இப்போ ரெண்டு பேரும் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே பாத்தா அதுதான் தப்பு. நான் மாத்த மாட்டேங்க."

"அப்போ நான் மேல எழுதிப் போடுறேன்."

மகள் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்கப்பா. ரெண்டு மாசம் தினமும் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போய்ச் சமன்பாடு கத்துக்கிட்டு வாடின்னு என்னை அனுப்பினதையும் சேத்து எழுதுங்க."

"அது வேற, இது வேற."

"எனக்குக் காய்ச்சல் வந்திருந்தா நானும் இப்படித்தான் தப்பிச்சிருப்பேன். அப்ப என்ன எழுதியிருப்பீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "வா, போகலாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரம்மா நுழைந்தார், தோளில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து. பின்னால் மகள். வந்த வேகத்தில் டீச்சரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் வரிசைதாம்மா வெச்சேன்" என்றார் டீச்சர். "மார்க்கு இவ எழுதினது."

தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் மகளின் கையை எடுத்து அந்த இரண்டு கைகளுக்கு நடுவே வைத்தார்.