கன் யோ கரையில் பத்து மீட்டர் கயிறு

என் அப்பா காரைக்காலில் கடலுக்குப் போகிறவர். வியட்நாமில், பெருநகர ஓரத்துத் தூ டுக்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் உணவகத்தில் யாரோ கேட்டபோது இதைத்தான் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவர் என்னை ஒருநாளும் படகில் ஏறவிட்டதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். கடலுக்குப் போகாத ஆணும் நான் ஒருவன்தான்.

எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் வியட்நாமியர். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் ஞாயிறுதோறும் பழுது பார்த்து, அதே நகரத்தின் தென்கோடியில் கடலோரமாக இருக்கும் கன் யோவில் ஓர் ஓடைக்குள் கட்டி வைத்திருந்தார். அவர் மனைவியை நாங்கள் அவர்கள் மொழியில் அக்கா என்று அழைப்போம். அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஒரே ஒரு தடவை வருகிறேன், அதற்குப் பிறகும் பயம் போகாவிட்டால் படகை விற்றுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மூத்தவரும் தலையாட்டியிருந்தார்.

அந்த ஒரு தடவைக்கும் அக்கா சம்மதித்தது, மீனவர் வீட்டுப் பையன் கூட வருகிறான் என்று கேள்விப்பட்டுத்தான். ஆற்றைக் கடக்கும் படகுத்துறையில் மோட்டார் சைக்கிள்களோடு காத்திருந்தபோது அவரே இதை என்னிடம் சொன்னார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருந்த என் அறைத்தோழன், சென்னைக்காரன், முதுகில் குத்தினான்.

"பாத்துக்கோடா கேப்டன். அக்கா உன்னை நம்பித்தான் வர்றாங்க."

ஓடையின் வாயைத் தாண்டிப் பாயை ஏற்றி, கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய் நிறுத்தினோம். அங்கே காற்றுக்கு மறைவு என்று எதுவும் இல்லை. முன்னால் திறந்த கடல். பின்னால் மட்டி வளர்க்கும் சேற்றுப் பரப்பு, அதில் நட்ட கழிகள், நடுவில் உயரமான கால்களில் ஒரு காவல் குடிசை. பகலில் நின்று சாப்பிட்டுவிட்டு, மதியக் காற்று வலுக்கும் முன் கிளம்பிவிட வேண்டிய இடம். மூத்தவர் நங்கூரத்தை என்னிடம் நீட்டினார். மரியாதை செய்வதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்தேன். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும். ஆழம் காட்டும் கருவி இரண்டு மீட்டர் என்றது. பத்து மீட்டர் விட்டுக் கட்டினேன். நங்கூரம் பிடித்தது, படகு காற்றுக்கு முகம் திருப்பி அடங்கியது. அக்கா லேசாகக் கைதட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

ரொட்டியும் இறாலும், மிளகாய் உப்பு தொட்டு அன்னாசியும் சாப்பிட்டோம். அக்கா மட்டும் தண்ணீரைப் பார்க்காமல் அந்தக் குடிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாத ஒன்றைப் பார்த்தால் குமட்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, நாங்கள் மூவரும் கண் செருகிக் கிடந்தபோது, எனக்கும் புரியும்படி நிதானமாகக் கேட்டார்.

"அந்தக் குடிசை கிட்ட வருதே, வரலாமா?"

எழுந்து பார்த்தேன். காற்று திரும்பி, கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கழிகள் இருபது அடியில் இருந்தன. மூத்தவர் பாய்ந்துபோய் இயந்திரத்தைக் கிளப்பினார். நான் கயிற்றை இழுத்தேன். நங்கூரம் ஒரு தடையும் இல்லாமல், தரையில் கிடந்த செருப்பைப்போல வந்தது.

தள்ளி வந்து மூச்சு விட்டதும், மூத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே சேறு மோசம், யார் போட்டாலும் வழுக்கும் என்றார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மீனவர் வீட்டுப் பையன் போட்டதே நிற்கவில்லை என்றால், வேறு யார் போட்டு நிற்கும்? படகு அந்த நிமிடமே விலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"சேறு இல்லக்கா, நான்தான். எங்க ஊர்க் கடல் முழங்கால் அளவுக்கு மேல ஏறி இறங்காது. இங்க காலையிலேர்ந்து ரெண்டரை மீட்டர் ஏறியிருக்கு. அதை நான் நினைக்கவே இல்ல, விட்ட கயிறு பத்தல. நங்கூரத்தைக் கையால தொட்டதே இன்னைக்குத்தான்."

அறைத்தோழன் தமிழில் முணுமுணுத்தான்: "அடப்பாவி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

அக்கா என் பக்கம் திரும்பினார். கயிறு கூடுதலாக விட்டிருந்தால் நின்றிருக்குமா என்று கேட்டார். நின்றிருக்கும் என்றேன். இன்னும் எவ்வளவு நேரம் ஏறும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தன் கைபேசியில் தேடிப் பார்த்தார். பிறகு கணவரிடம், இன்னும் தள்ளிப் போய் மறுபடி போடச் சொன்னார். இருந்த கயிறு அத்தனையும் விட்டோம். படகு நன்றாகவே ஆடியது. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குடிசையிலிருந்து கண்ணெடுக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குடிசை அசையலை என்றார். அதற்குப் பிறகுதான் கிளம்பினோம்.

திரும்பும் வழியில் படகைப் பற்றி யாரும் பேசவில்லை. திங்கட்கிழமையும் மூத்தவர் வேலையைப் பற்றி மட்டுமே பேசினார். நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. நாளைக்குக் கன் யோவில் கடல் முழுதாக ஏறும் நேரம், எத்தனை மீட்டர், அவ்வளவுதான்.