மேலாள் கப்பலேறும் முன்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனார் விட்டுச் சென்றது இரண்டு. ஏழு பேரையும் ஆளாக்கியது ஆயர் ஈத்தாம் பக்கத்தில் இருக்கும் இந்தப் பலகை வீட்டில்தான். ஒரு தடவை இது கையைவிட்டுப் போகப் பார்த்தது.

தோட்டத்தில் நானும் வீட்டுக்காரரும் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டிச் சேர்த்த காசில் மூன்று ஏக்கர் வாங்கி நாங்களும் ரப்பர் நட்டோம். வீடு கட்டப் பணம் போதாமல், நிலப் பத்திரத்தைப் பத்து பகாட் டவுனில் வட்டிக்குக் கடன் தரும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் அடகு வைத்தோம். அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களாலும் ஒரு வருஷம் வட்டி கட்ட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பதறவில்லை. முதலாளிக்குப் பதிலாகக் கிட்டங்கியை நடத்திய மேலாள் "பாத்துக்கலாம், போங்க" என்று சொல்லியிருந்தாராம். எனக்குத்தான் உறுத்தியது. மேலாட்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். இவர் ஊருக்குப் போக இரண்டே மாதம். புதிதாக வருகிறவர் ஏட்டைப் பார்ப்பார், வாய்ச்சொல்லை எங்கே பார்ப்பார்?

நில ஆபீசில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணியிடம் கேட்டேன்.

"ஏலத்துக்கு விடாதேங்கோ அம்மா. அடிமாட்டு விலைக்குப் போகும். மிச்சக் கடனும் உங்கட தலையிலதான்" என்றார்.

தவணை கேட்கலாம், நாமே ஆள் பார்த்து விற்கலாம், இல்லையென்றால் நிலத்தைப் பிரித்து ஒரு பங்கைக் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம் என்றும் சொன்னார். தவணை கேட்டால் வட்டி ஏறும். வாங்க ஆள் இல்லை. மூன்றாவதுதான் மனதில் நின்றது.

"எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே போயிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"அங்க யாரு பாய் விரிச்சு வச்சிருக்கா?" என்றேன்.

இருவரும் கிட்டங்கிக்குப் போனோம். மேலாள் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, ஆம்பளைய விட்டுட்டு நீங்க வந்திருக்கீக?" என்றார்.

"பின்னாலதான் நிக்கிறாரு. பேசறதுக்கு நான். ரோட்டோரத்து ரெண்டு ஏக்கரை எடுத்துக்குங்க. வீடு நிக்கிற ஒரு ஏக்கர் எங்களுக்கு. கடன் தீந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. ஊருக்குப் போறப்ப இதை முடிக்காமப் போனா உங்க முதலாளி சும்மா விடுவாரா?"

"வீட்டுப் பக்கத்துலயும் நல்ல மரம் இருக்குமே?"

"மரத்தவிட அங்க புள்ளைங்கதான் அதிகம். எடுத்துக்கிறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் மூன்று முறை நடக்க வைத்தார். கப்பலேறுவதற்கு நாலு நாள் முன்னால்தான் நில ஆபீசில் வந்து கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டு ஏக்கரில் பால் வெட்டப் புது மேலாள் ஆள் தேடினார். நானே போனேன். நான் நட்ட மரத்திலேயே கூலிக்குக் கத்தி வைத்தேன். வழியில் ஒருத்தி, "முதலாளியம்மா, உங்க மரத்துக்கே கூலியா?" என்றாள்.

"மரந்தான் போச்சு. படுக்கிறது என் வீட்டுல. நீ தோட்டத்து லயத்துலதானே?" என்றேன்.

பிறகு ரப்பர் விலை ஏறியது. கொஞ்சம் பொறுத்திருந்தால் மூன்று ஏக்கரும் நின்றிருக்கும் என்று வீட்டுக்காரர் சாகும்வரை சொன்னார். இருக்கலாம். அதுவரை ஏழு பிள்ளைகளை மழைக்கு எங்கே ஒதுக்கியிருப்பேன் என்பதை மட்டும் அவர் சொன்னதே இல்லை.

எழுதிவிட்டாயா பேத்தி? விட்டது உண்டா பார்ப்போம். முதலிலிருந்து வாசி.