பக்கத்தின் அடியில் இருந்த எண்

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து கல்கிசை வரை சாம்பவிக்குத் தெரியாமல் ஒரு கணினிக்குள் எறும்பும் நுழையாது. அவள் முறைத்துப் பார்த்தால் வைரஸுக்கே காய்ச்சல் வரும். இது ஊதிப் பெருப்பித்த கதை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடலாம். காற்றை இறக்கினால் மிஞ்சுவது இவ்வளவுதான்: வயது நாற்பத்தொன்று, வெள்ளவத்தையில் தாயோடு இரண்டு அறை வாடகை வீடு, கொட்டாஞ்சேனையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைக் கவனிக்கும் உத்தியோகம். நோயாளர்கள் வீட்டிலிருந்தே தங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கும் இணையப் பக்கம் அவள் பொறுப்பு.

திங்கட்கிழமை தவறாத ஒரு சடங்கு அவளுக்கு உண்டு. திரையின் ஓரத்தில் ஏஐ உதவியாளர் ஒன்றை எக்ஸ்டென்ஷனாகச் சேர்த்து வைத்திருந்தாள். மென்பொருளின் பெயரையும் வேர்ஷன் எண்ணையும் கொடுத்தால், உலகம் இதுவரை கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலைத் துழாவி, பொருந்துவதைச் சொல்லும். அவள் கொடுப்பது எட்டு தசம் நான்கு, அதாவது 8.4. அது சொல்வது, ஓட்டை எதுவுமில்லை. அதை அச்சடித்து, நிலையத்தை நடத்தும் டொக்டர் நமசிவாயத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தக் கிழமை முழுக்க நிம்மதி. பதினான்கு மாதம் இப்படியே ஓடிற்று.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, பக்கத்துக்கு யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவைத் திறந்தாள். யாரோ, கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல், ரிப்போர்ட்டுகளை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு ஒன்று. 5160ஆம் ரிப்போர்ட்டில் தொடங்கி 5201க்கு வந்தாயிற்று. வரிசையில் இனி யார் யார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை. 5238 என்பது, போன மாதம் முகக்கவசத்தோடு வந்து பெயரை முணுமுணுத்துவிட்டுப் போன பிள்ளை. கலியாணம் ஆகாதவள். என்ன பரிசோதனை என்பது சாம்பவிக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு சேதி காலி வீதியைக் கடப்பதற்குப் பச்சை விளக்குக்குக் காத்திருப்பதில்லை.

இன்னும் முப்பத்தேழு நிமிடம். டொக்டருக்கு ஃபோன் எடுத்தாள்.

"டொக்டர், பக்கத்தை உடனே நிப்பாட்ட வேணும். ஆரோ ரிப்போர்ட்டுகளை அள்ளுறாங்கள்."

"என்ன விசர்க்கதை? டெங்குக்காரர் பதினாறு பேரின்ர பிளேட்லெட்டை ஆஸ்பத்திரி வார்ட்டுகளில அதிலதான் பாக்கினம். போன மாசம் நீர் கேளாமல் நிப்பாட்டி, நான் பேச்சு வாங்கினது காணாதே?"

"ஓட்டை இருக்குது, டொக்டர்."

"முந்தநாள் தானே இல்லையெண்டு கையெழுத்து வாங்கினீர்? உம்மட ஏஐதானே சொன்னது? நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் தொடக்கூடாது. தொட்டால் நாளைக்கு வரத் தேவையில்லை."

5219.

ஏஐயிடம் மறுபடி கேட்டாள். சொல்லை மாற்றிக் கேட்டாள். ஆங்கிலத்தில் கெஞ்சினாள். ஐந்து தடவையும் ஒரே பதில்: எட்டு தசம் நான்கில் ஓட்டை எதுவுமில்லை.

கவுண்டரில் இருந்த ஸமீமா எட்டிப் பார்த்தாள். "என்ன மிஸ், மொகம் செத்துப்போய் ஈக்கி?"

"பேசாமல் இரும், ஸமீமா. அழுதுபோடுவன்."

ஆறாவது தடவை ஏஐ திருப்பிக் கேட்டது: "நீங்கள் தந்த எண்ணை வைத்துத்தான் நான் தேடுகிறேன். அந்த எண்ணை எங்கே பார்த்தீர்கள்?"

எங்கே? பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. பதினான்கு மாதமாக அங்கேதான் பார்த்தாள். இப்போது முதல் தடவையாக மென்பொருளின் உள்ளே போய்ப் பார்த்தாள். ஆறு தசம் ஒன்று என்று இருந்தது. இரண்டில் எது மெய்? மூன்று வருடத்துக்கு முன் இதே கதிரையில் இருந்து, இப்போது கட்டாரில் வேலை பார்க்கும் ரிம்ஸானுக்கு எடுத்தாள். மூன்றாவது அழைப்பில்தான் கிடைத்தான்.

"கீழ ஈக்கியது நான் போட்ட பொய் நம்பர் மிஸ். கள்ளன் பாத்தா, புதுப் பூட்டு எண்டு நெனச்சிப் போகட்டும் எண்டு. ஒங்கட வீட்டு வாசல்ல ஆம்புளச் செருப்பு வெச்சீக்கியல்லவா, அது மாதிரித்தான்."

"அந்தச் செருப்பைப் பாத்து, வீட்டில ஆம்பிளை நிக்குது எண்டு நானே கதவைத் திறந்துபோட்டுப் படுத்திருக்கிறன், ரிம்ஸான்!"

ஆறு தசம் ஒன்றைக் கொடுத்தாள். ஏழு வரி சிவப்பில் வந்து விழுந்தது. மூன்றாவது வரி: இணைய முகவரியின் முடிவில் உள்ள இலக்கத்தை மாற்றினாலே போதும், அடுத்தவர் பதிவு திறக்கும்.

டொக்டருக்கு அவள் மறுபடி எடுக்கவில்லை. பக்கத்தை நிறுத்தினாள். கட்டளையை இரண்டு தடவை பிழையாக அடித்து, மூன்றாவதில்தான் சரிவந்தது. பதிவின் கடைசி வரி 5243.

முகக்கவசப் பிள்ளையின் ரிப்போர்ட் போய் ஐந்து நிமிடம்.

மேசையில் தலையை வைத்தாள். டொக்டருக்குப் பயந்து தான் குந்தியிருந்த ஒவ்வொரு நிமிடமும் ஒரு பெயராகத் தெரிந்தது. கவுண்டரில் ஸமீமா இரண்டு காதிலும் இரண்டு ஃபோனை வைத்து, வார்ட் வார்ட்டாகப் பிளேட்லெட் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தாள், பாதி தமிழ், பாதி சிங்களம்.

பதினொரு மணிக்கு டொக்டர் வந்தார். சிவப்பு வரிகளைப் பார்த்தார். வேலையை விட்டு நிறுத்துகிற கதையை எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ரிப்போர்ட் களவுபோன எண்பத்து நாலு பேருக்கும் கடிதம் போகவேணும். எழுதும். 'முன்னைய உத்தியோகத்தர் எங்களுக்குத் தெரியாமல் பிழையான எண்ணை இட்டுச் சென்றதால்...'"

சாம்பவியின் விரல் எழுதத் தொடங்கியது. எழுதினால் பதினான்கு மாதக் கையெழுத்தும் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்துவிடும். 'தெரியாமல்' வரை வந்து விரல் நின்றது.

ஸமீமா ஃபோனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"தெரியாம இல்ல, டொக்டர். ரிம்ஸான் நானா போற அண்டைக்கி சரியான நம்பர எழுதி ஒங்கட கையிலதான் தந்தார். நீங்க அத மேசைக் கண்ணாடிக்குக் கீழ வெச்சீங்க. இன்னும் அங்கதான் ஈக்கி. மேல கலண்டர் கெடக்குது, அவ்வளவுதான்."